கயவாகு

கொழும்பு மரைன் டிரைவில் மாலை நடை போகிறவர்கள் தூரத்தே சாம்பல் நிறக் கடற்படைக் கப்பல்களைக் காண்பதுண்டு. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘கஜபாகு’. சிங்களப் பெயர்தானே என்று கடந்துவிடுகிறோம். அப்படி விடக்கூடாது.

வடமொழியில் கஜம் யானை, பாகு கை. யானையின் வலிமை கொண்ட கையன் என்பது பொருள். தமிழில் ஜகரம் யகரமாகவும் பகரம் வகரமாகவும் நெகிழ்ந்து ‘கயவாகு’ ஆனது. கஜமுகன் கயமுகன் ஆனதும் இவ்வாறே. செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த விழாவுக்கு வந்த இலங்கை வேந்தனைச் சிலப்பதிகாரம் இப்பெயராலேயே அழைக்கிறது. ஆக, இது நம் காப்பியப் பெயரும்தான்.

1959இல் இலங்கை வாங்கிய பிரிகேட் போர்க்கப்பல் ஒன்றுக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. ஜெர்மன் நீர்மூழ்கிகளிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்க வடிவமைத்த ‘ரிவர்’ வகுப்பைச் சேர்ந்தது அது. 1944இல் கனடாவின் ‘ஓர்க்னி’, 1950இல் இஸ்ரேலின் ‘மிவ்தாக்’, பிறகு நம் கஜபாகு. நீளம் சுமார் 300 அடி, இரட்டைச் சுழலி, 20 நொட் வேகம். இவ்வகுப்பில் மாலுமிகள் சாப்பாட்டு மேசைகளுக்கு மேலேயே தொங்குபடுக்கை கட்டித் தூங்கினார்கள். ஏணை என்றே சொல்லலாம்; கப்பல் உருளும்போது அது நேராகவே தொங்கும், ஆள் விழமாட்டான்.

இப்போதைய கஜபாகு, அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் ‘ஷெர்மன்’. 2019இல் இங்கே சேவையில் சேர்ந்தது.