25 டாலர் பாடம்

1920 மே 25. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஹாம்ப்டன் என்றொரு சிற்றூர். லுத்தரன் சபையார் நடத்திய பள்ளியில், மதிய இடைவேளையில், பத்து வயதுப் பையன் ஒருவன் ஜெர்மன் மொழியில் பைபிள் கதை வாசித்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தவர் அந்தக் கவுண்டியின் அரசு வழக்கறிஞர். ஆசிரியர் ராபர்ட் மேயருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவியிருந்தால் தப்பித்திருக்கலாம். அவர் தாவவில்லை. ஜெர்மனிலேயே பாடம் தொடர்ந்தது. வழக்கு வந்தது, 25 டாலர் அபராதமும் வந்தது.

எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைக்கு வேற்று மொழி கற்பிப்பது குற்றம் என்று 1919-இல் நெப்ராஸ்கா சட்டம் போட்டிருந்தது. லத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகியவற்றுக்குத் தடை இல்லை என்று மாநில நீதிமன்றம் விளக்கம் சொன்னது. செத்த மொழி யாரை என்ன செய்துவிடும்!

இத்தனைக்கும் ஜெர்மன் அங்கே நேற்று வந்த மொழி அல்ல. சின்சினாட்டி நகரத்து அரசுப் பள்ளிகளில் 1840 வாக்கிலேயே ஜெர்மனும் ஆங்கிலமும் சேர்ந்தே நடந்தன. 1915-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஜெர்மன் படித்தார். 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் எல்லாம் தலைகீழானது. விஸ்கான்சினின் பாராபூ ஊரில் ஜெர்மன் பாடப் புத்தகங்களை நடுத்தெருவில் கொளுத்தினார்கள். அயோவா ஆளுநரோ ரயிலில், பொது இடத்தில், தொலைபேசியில்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று 1918-இல் ஆணையிட்டார். ஆங்கிலம் தெரியாத பாட்டி தொலைபேசியில் என்ன செய்வாள் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. 1922-இல் ஜெர்மன் படித்த மாணவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

மேயர் விடவில்லை. மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றும், வழக்கு வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1923 ஜூன் 4 அன்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் வென்றார். ஒரு மொழி தெரிந்திருப்பதே தீங்கு என்று சொல்ல முடியாது என்றது தீர்ப்பு. ஆசிரியருக்குக் கற்பிக்கும் உரிமை உண்டு, பெற்றோருக்குப் பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கும் உரிமை உண்டு என்றும் சொன்னது.

தடை போனது. ஆர்வம் திரும்பவில்லை.

அதற்கு ரஷ்யா வர வேண்டியிருந்தது. 1957 அக்டோபரில் அதன் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் மேலே பறந்தது. மறு ஆண்டே அமெரிக்க அதிபர் ஐசனாவர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கணிதம், அறிவியலோடு மொழிகளுக்கும் பணம் கொட்டியது. சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: ஒரு காலத்தில் மொழியை விரட்டிய அதே பயம்தான் இப்போது அதைக் கைப்பிடித்து வகுப்புக்குள் அழைத்து வந்தது. அந்தப் பணத்தில் வளர்ந்த தெற்காசிய மையங்களில் ஒன்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தது. ஏ.கே.ராமானுஜன் சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனது அங்கிருந்துதான். ஸ்புட்னிக் செய்த புண்ணியத்தில் தமிழுக்கும் ஒரு பங்கு.

பயம் தணிந்தால் பணமும் தணியும். அதிபர் கார்ட்டர் அமைத்த ஆணைக்குழு, அமெரிக்கர்களின் மொழியறிவு வெட்கக்கேடாக இருப்பதாக 1979-இல் கடுமையாகவே எழுதியது. அந்தக் குழுவில் இருந்த பால் சைமன் 1980-இல் இதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். பிறகு ‘அயல்மொழி’ என்ற பெயரை மாற்றி ‘உலக மொழி’ என்றார்கள். பெயர் மாற்றம் நல்லதுதான், ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு ஸ்பானிஷ் எப்படி அயல்மொழியாகும்? ஆனால் பலகையை மாற்றினால் மட்டும் வகுப்பு நிறைவதில்லை. 2017-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியைப் பள்ளியில் படித்த அமெரிக்கப் பிள்ளைகள் ஐந்தில் ஒருவர்தான்.