எஞ்சினியரின் மாணாக்கரும் மன்னார்க் கடலும்

மன்னார்த் தீவுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மணற்றிட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. பெருங்கலங்கள் அவற்றைக் கடக்கமாட்டா. கிழக்கே மன்னார்க் கால், மேற்கே பாம்பன் கால் என இரு ஒடுங்கிய வழிகளே சிறு கலங்களுக்கு உண்டு. இக்கடலமைப்பைக் கொண்டு மாதோட்டத்தின் பழைய வாணிகப் பெருமையை விளக்க முற்பட்டவர் ஒரு நீதியரசர். சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் என்பார். சட்டம் பயின்றவருக்கு நில அளவையாளரின் கண் எங்ஙனம் வாய்த்தது? விடை மதுரையில் இருக்கிறது.

1775இல் பிறந்த ஜோன்ஸ்ரனின் தந்தையார் மதுரையில் கும்பினி உத்தியோகத்தர். தாயார், மடக்கையைக் கண்ட ஜோன் நேப்பியரின் குடும்பத்தவர். அம்முன்னோரின் வரலாற்றை எழுத விரும்பிய நேப்பியர் பிரபுவுக்காக, இந்துக்களின் கணித அறிவு பற்றிச் செய்தி திரட்டியவர் கொலின் மக்கென்சி. அவர் 1783இல் சென்னைப் படையிற் சேர வந்தபோது, அவ்வம்மையார் மதுரைக்கு அழைத்துப் புலவர்களோடு பழகவைத்தார். தென்னாட்டுச் சுவடிகளையும் சாசனங்களையும் மலைபோற் குவித்த மக்கென்சி இவரே. படையில் எஞ்சினியராகி, 1796இல் கொழும்பைக் கைப்பற்றிய சேனையுடன் இலங்கைக்கும் வந்தார். இளம் ஜோன்ஸ்ரன் கணிதம் பயின்றது இவரிடத்தில். தமிழும் அவர் இளமையிலேயே கற்ற மொழி.

படைத்துறைக்கென வளர்ந்தவர், குடும்பம் ஐரோப்பா திரும்பியபின் சட்டத்துக்கு மாறினார். இலங்கையில் அரசாங்க நியாயவாதியாகத் தொடங்கி, 1811இல் பிரதம நீதியரசரானார். சுதேசிகள் யூரராய் அமரும் உரிமை அவர் முயற்சியால் வந்தது. யூரரைச் சாதிவாரியாகப் பிரித்தமை குறையே. ஆயினும் அம்மதிப்பை முன்னிறுத்தியே, 1816 ஆகத்து 12ஆம் நாளுக்குப்பின் அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் என்று எசமானரை இசையச் செய்தார். பெற்றோரோ அடிமைகளாகவே நின்றனர். சட்டம் அவர்களை விடுவித்தது 1844இலேதான்.

ஊர் வழக்கை அறியாமல் தீர்ப்பளித்தல் தகாது என்பது அவர் கொள்கை. தேசவழமையும் முஸ்லிம்களின் வழக்கத் தொகுப்பும் 1806இல் சட்ட வலுப்பெற்ற காலம் அது. அவர் முஸ்லிம் பெரியோரிடம் கேட்டறிந்தவை, 1827இல் அரச ஆசியக் கழகத்தின் முதல் வெளியீட்டுத் தொகுதியில் வந்தன. முத்துப்பார்கள் அருகிருக்க, இரு கால்களின் வாயிலும் அமைந்திருக்க, மாதோட்டமும் மன்னாரும் அராபிய வணிகரின் பண்டகசாலைகளானமை இயல்பே என்றார் அவர். அராபியரின் வருகைக் காலம் பற்றி அவர் கேட்டெழுதிய மரபுக் கதையை அப்படியே கொள்ளவேண்டுவதில்லை. ஆனால் துறைமுகத்தின் உயர்வுக்குக் காரணத்தை நீரோட்டத்திலும் ஆழத்திலும் தேடினாரே, அது மக்கென்சியின் மாணாக்கருக்கே உரிய முறை.

1833இல் கோமறைக் கழகத்தின் நீதிக்குழு நிறுவப்பட்டபோது, கீழைநாட்டு நீதிமன்ற அநுபவம் உடையவர் என்ற தகுதியில் ஜோன்ஸ்ரன் அதில் அமர்ந்தார். இந்தியாவிலும் இலங்கையிலுமிருந்து சென்ற மேன்முறையீடுகளுக்கு அதுவே இறுதி மன்றம். தமிழறிந்த ஒருவர் அங்கிருந்தது அரிய வாய்ப்பு.

அவர் 1849இல் மறைந்தார். மன்னாரின் எதிர்க்கரையான இராமநாதபுரத்து ஜமீன் தத்துரிமை வழக்கு அதே குழுவின் முன் வந்து, 1868இல் முடிந்தது. வழக்காறு தெளிவாக நிறுவப்படின் அது எழுதிய நூலின் விதியையும் விஞ்சும் என்று நீதிபதிகள் தீர்த்தனர்.