தூர்ந்த கிணறுகள் சொல்லும் வரலாறு

தந்தை ஆபிரகாமின் காலத்தில் வெட்டப்பட்ட கிணறுகளைப் பிலிஸ்தியர் மண்ணிட்டுத் தூர்த்தனர். மகன் ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டி, தந்தை இட்ட பெயர்களையே இட்டார் என்று ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தூர்ந்த கிணறுகளை இன்று தோண்டுவோர் தொல்பொருள் ஆய்வாளர்கள். அங்கே நீர் இறைத்த மக்களை அறிவதே அவர்கள் நோக்கம்.

செங்கல் கிணறு என்றதும் நினைவுக்கு வருவது சிந்து நதிக்கரையின் மொகஞ்சதாரோ. அங்கே 1922இல் ராகல்தாஸ் பானர்ஜி அகழாய்வைத் தொடங்கினார். ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்நகரில் 700 கிணறுகளாவது இருந்திருக்கும் என்பது ஜெர்மானிய அறிஞர் மைக்கேல் யான்சனின் கணக்கு. உட்புறம் குறுகி வெளிப்புறம் அகன்ற ஆப்பு வடிவச் செங்கற்களை வட்டமாக அடுக்கியிருக்கிறார்கள். சுற்றுமண் நெருக்க நெருக்கக் கல்லோடு கல் இறுகுமே தவிர, உள்ளே சரியாது. நம் கொத்தனார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை! ஊர் மேடாக மேடாக, கிணற்றுச் சுவரையும் உயர்த்திக்கொண்டே வந்தனர். ஆகவே சுற்றியிருந்த மண்ணை அகற்றியபோது, கிணறுகள் புகைபோக்கிகள் போல் நெடிது நின்றன. வாய்ச்சுவரில் கயிறு அறுத்த தடங்கள் தெரிந்தன. கிணற்றடியில் உடைந்த சிறு மண்குவளைகள் குவிந்து கிடந்தன. ஒருவர் வாய் வைத்ததில் மற்றவர் குடிப்பதில்லை போலும். சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்டதும், அவள் திகைத்ததும் ஒரு கிணற்றடியில்தான். நம் ஊர்களிலும் யார் எந்தக் கிணற்றில் இறைப்பது என்ற வழக்கு நெடுங்காலம் இருந்ததை மூத்தோர் அறிவர்.

தமிழகத்தில், மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள கீழடியில் 2015 முதல் நடந்த அகழாய்வுகளில் சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய உறைகிணறுகள் வெளிப்பட்டன. 2023இல் அங்கு அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. கல் அரிதான வண்டல் நிலத்துக்குச் செங்கல்லும் உறையும். நம் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பாறை நிலத்துக்கு வெடியும் கல்கட்டும்.

கிணற்றின் மேலே கிடப்பது பிற்காலக் குப்பை. அடிச்சேற்றில் கிடப்பதே புழக்கக் காலத்தது: கை நழுவிய குடம், அறுந்து விழுந்த மணி. ஆதலால் ஆய்வாளர் அடுக்கடுக்காகவே இறங்குவர். இயந்திரத்தால் ஒரே மூச்சில் வாரினால் காலவரிசை கலந்துபோகும்.

ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் நம் பக்கத்துக் கமலைக் கிணறுகள் பல குப்பைக்குழிகளாகிவிட்டன. தூர் வாரும்போது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருள் கிடைத்தால், மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பானை ஓட்டுக்குப் பத்து ரூபாய் யார் தருவார் என்று கேட்கலாம். கீழடியில் தமிழ் எழுத்துக்கள் கிடைத்தது பானை ஓடுகளில்தான்.