பெங்களூருவில் கைவிடப்படும் குதிரைகள்

பந்தயத்திலும் வண்டியிலும் உழைத்து ஓய்ந்தபின் வேண்டாமென்று விடப்படும் குதிரைகளை என்ன செய்வது என்பது பெங்களூருவில் நெடுங்காலமாகத் தீராத கொள்கைச் சிக்கல். அமெரிக்காவில் இது குதிரையை இறைச்சிக்கு வெட்டலாமா என்ற வழக்காக வளர்ந்தது. இங்கே அந்தக் கேள்வி எழுவது அரிது. ஆனால் கிழட்டுக் குதிரையின் கதி இங்கும் கவலைக்குரியதே.

இப்பகுதியின் குதிரை வரலாறு படையோடு தொடங்குகிறது. திப்பு சுல்தான் காலத்தில் குனிகல்லில் அமைந்த பண்ணை பின்னர் பந்தயக் குதிரைகளை வளர்க்கும் இடமாயிற்று. 1824-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஓசூரை அடுத்த மத்திகிரியில் படைக்குதிரைப் பண்ணை வைத்தது. படைக்கு ஆகாத குதிரையை ஏலம் விடுவதும் சுட்டுக்கொல்வதும் அக்கால வழக்கம். முதல் உலகப்போர் முடிந்ததும் எகிப்தில் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பிரித்தானியப் படை அங்கேயே விற்றுவிட்டுப் போனது. வண்டியிழுத்து நலிந்த அக்குதிரைகளுக்காகப் பிரித்தானியப் பெண்மணி டோரதி புரூக் 1934-இல் கெய்ரோவில் மருத்துவமனை தொடங்கினார்.

படை போய்ப் பந்தயம் வந்தது. பெங்களூரு டர்ஃப் கிளப் 1962-இல் உருவானது. பந்தயக் குதிரை இரண்டு வயதில் ஓடத் தொடங்கும்; எட்டு வயதுக்குள் பெரும்பாலும் ஓட்டம் முடிந்துவிடும். ஆயுளோ இருபத்தைந்து ஆண்டுக்கும் மேல். சிக்கலின் வேர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. மிஞ்சிய ஆண்டுகளுக்குத் தீனி போடுவது யார்? வம்சம் நல்லதானால் இனப்பெருக்கப் பண்ணைக்கும், சாதுவானால் சவாரிப் பள்ளிக்கும் போகும். மற்றவை கைமாறிக் கைமாறிக் கல்யாண ஊர்வலத்துக்கும் வண்டிக்கும் போய்ச் சேரும். காலெலும்பு முறிந்ததைக் களத்திலேயே கருணைக்கொலை செய்துவிடுவார்கள்.

இந்தியாவில் பந்தயக் குதிரைக்கு இன்னொரு வழியும் உண்டு: பாம்புக்கடி மருந்துத் தயாரிப்பு. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுக்கும் நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே அதைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஊசியில் ஏற்றுவார்கள். அதன் உடலில் எதிர்ப்புப் பொருள் ஊறியதும் கழுத்துச் சிரையில் இரத்தம் எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்துக்கொண்டு, சிவப்பணுக்களைத் திரும்ப ஏற்றுவதுண்டு. ஊசி போட்ட இடம் வீங்கிப் புண்ணாகும். அளவு மீறினால் இரத்தசோகை. வயலில் பாம்பு தீண்டிய உழவரின் உயிர் இக்குதிரைகளால் பிழைக்கிறது. அவற்றை ஓய்வின்றி வாட்டுவது பெருங்கொடுமை.

சட்டத்தின் நிலை விநோதமானது. கர்நாடகத்தின் 2020-ஆம் ஆண்டுக் கால்நடை வதைத் தடைச் சட்டம் மாட்டினத்தைக் காக்கிறது. குதிரை அதில் இல்லை. உணவுப் பாதுகாப்பு விதிகளில் இறைச்சி விலங்குகளின் பட்டியலிலும் குதிரை இல்லை. எனவே குதிரைக்கறி வணிகத்துக்கு இங்கே சட்டப்படி இடமில்லை. கொட்டிலில் வலிக்குக் கொடுக்கும் ஃபினைல்பியூட்டசோன் மருந்து இறைச்சி வழியே போனால் மனிதருக்குக் கெடுதல் என்பதால் இது நல்லதே. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்கைப் பட்டினிக்கு விட்டுவிடுவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் முதல் குற்றத்துக்கு அது விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய்தான்! இலட்சங்களில் விலைபோகும் குதிரையின் உரிமையாளருக்கு இது ஒரு பொருட்டா?

தடை மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவே சான்று. அங்கே கடைசி இறைச்சிக்கூடங்கள் 2007-இல் மூடப்பட்டன. 2010-இல் ஏறத்தாழ 1,38,000 குதிரைகள் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் வெட்டுக்கு அனுப்பப்பட்டன. தடைக்கு முன் உள்நாட்டிலும் வெளியிலுமாக ஓராண்டில் வெட்டுக்குப் போன மொத்த அளவும் ஏறத்தாழ அதுவே. 1986-இல் கென்டக்கி டெர்பியை வென்ற ஃபெர்டினாண்ட் என்ற குதிரைகூட 2002-இல் ஜப்பானில் வெட்டுக்குப் போனது.

பெங்களூருவில் 1991-இல் கிரிஸ்டல் ராஜர்ஸ் தொடங்கிய ‘கம்பாஷன் அன்லிமிடெட் பிளஸ் ஆக்‌ஷன்’ போன்ற விலங்குநல அமைப்புகள் குதிரைகளையும் மீட்டுப் பராமரிக்கின்றன. நன்கொடையை நம்பி இதைக் காலமெல்லாம் நடத்த இயலாது. பந்தயம் கட்டும் பணத்துக்கு 2025 செப்டம்பர் முதல் 40 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்படுகிறது. அந்த வருவாயில் ஒரு பங்கைக் குதிரைகளின் முதுமைக்கு ஒதுக்க வேண்டும். கைமாறும் ஒவ்வொரு குதிரையும் சாகும்வரை பதிவேட்டில் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்யக்கூடியவை அரசும் பந்தயக் கழகங்களும்தான்.