கலைஞனுக்குக் கடிகாரம் எதற்கு?

வால்ட் டிஸ்னியின் ‘ஸ்நோ ஒயிட்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஏழு குள்ளர்களை மறக்க முடியாது. சுரங்கத்தில் வைரம் வெட்டிக் கொண்டிருப்பார்கள். கடிகாரம் ஐந்து அடிக்கும். அவ்வளவுதான்! தலைமைக் குள்ளர் குரல் கொடுப்பார். பிக்காசைத் தோளில் சார்த்திக் கொண்டு எல்லோரும் பாடிக்கொண்டே வீட்டைப் பார்க்க நடந்து விடுவார்கள். ஐந்து மணிக்கு மேல் ஒரு கல்லைக்கூடப் புரட்ட மாட்டார்கள்.

அந்தக் குள்ளர்களை வரைந்தவர்களுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. 1937ஆம் வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஹைபீரியன் சாலையில் இருந்த டிஸ்னி ஸ்டூடியோவில் இரவு வெகுநேரம் விளக்கு எரிந்தது. விடுமுறை நாட்களிலும் எரிந்தது. அந்த மணிகளுக்கு யாரும் சம்பளம் தரவில்லை. அப்போது அதை யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை. ஆனால் நான்கு வருஷம் கழித்து அந்த ஓவியர்களில் பலர் முதலாளியின் வாசலில் அட்டையைத் தூக்கிப் பிடித்துக் கொண்டு நின்றார்கள். இடையில் என்ன நடந்தது? அமெரிக்கக் கதைதான், ஆனாலும் கலையின் பெயரால் உழைக்கிற எவருக்கும் அதில் பங்கு உண்டு.

முதலில் அந்த உழைப்பின் அளவைப் பார்ப்போம். படம் ஓடுவது 83 நிமிஷம். ஒரு விநாடிக்கு 24 பிரேம் வீதம் கணக்குப் போட்டால், ஏறக்குறைய 1,20,000 பிரேம்கள் வருகின்றன. ஒரே சித்திரத்தை இரண்டு பிரேமுக்கு வைத்துச் சமாளிப்பது உண்டு என்றாலும், ஒரு பிரேமுக்குள் ஏழு குள்ளர்களும் ஓர் இளவரசியும் இருந்தால் என்ன செய்வது? தேர்ந்த ஓவியர் ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை வரைவார். இடையில் வரும் நிலைகளை உதவியாளர்கள் நிரப்புவார்கள். பிறகு அந்தக் கோடுகளைப் பெண்கள் கண்ணாடி போன்ற செல்லுலாய்டுத் தகட்டில் மையினால் படியெடுத்து, பின்புறம் வர்ணம் தீட்டுவார்கள். கோடு ஒரு மயிரிழை தடித்தாலும் திரையில் கன்னம் துடிக்கும். கண்ணும் முதுகும் தேயத் தேயச் செய்கிற வேலை அது.

சம்பளமில்லாமல் ஏன் அப்படி உழைத்தார்கள்? நம் ஊர்க் கல்யாண வீட்டை நினைத்துப் பார்த்தால் விளங்கும். அத்தை மகன் பந்தியில் பரிமாறுவான். சித்தி விடிய விடியக் காய் நறுக்குவாள். யாராவது கூலி கேட்பார்களா? கேட்டால் அவமானமாகப் போய்விடும். ஹைபீரியன் சாலை ஸ்டூடியோவும் அப்படி ஒரு கல்யாண வீடுதான். முதலாளியை ‘மிஸ்டர் டிஸ்னி’ என்று யாரும் அழைப்பதில்லை. எல்லோருக்கும் அவர் ‘வால்ட்’. அவரும் இரவு பகல் பாராமல் உழைத்தார். கார்ட்டூனை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து யார் பார்ப்பார்கள் என்று ஹாலிவுட் சிரித்தது. ‘டிஸ்னியின் பைத்தியக்காரத்தனம்’ என்று அந்தப் படத்துக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பாங்கியில் கடன் ஏறிக்கொண்டே போயிற்று. ஊர் சிரிக்கும்போது குடும்பம் ஒன்றாக நிற்பது இயல்புதானே? உலகம் இதுவரை கண்டிராத ஒன்றைச் செய்கிறோம் என்ற ஆனந்தமும் அவர்களுக்குப் பாதிச் சம்பளமாக இருந்தது.

1937 டிசம்பர் 21ஆம் தேதி படம் அரங்கேறியது. சிரித்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சுமார் 15 லட்சம் டாலர் செலவில் எடுத்த படம் முதல் ஓட்டத்திலேயே 80 லட்சம் டாலர் அளவில் ஈட்டியது. 1939இல் டிஸ்னிக்கு ஒரு பெரிய ஆஸ்கார் சிலையும், கூடவே ஏழு குட்டிச் சிலைகளும் கொடுத்தார்கள். குள்ளர்களுக்குக்கூட ஆளுக்கொரு பரிசு கிடைத்துவிட்டது!

வரைந்தவர்களும் எதிர்பார்த்தார்கள். லாபம் வந்தால் நமக்கும் ஒரு பங்கு வரும் என்ற பேச்சு ஸ்டூடியோவில் நடமாடிக் கொண்டிருந்தது. 1938 ஜூன் மாதம் ஓர் ஏரிக்கரை உல்லாச விடுதியில் எல்லோருக்கும் தடபுடலான விருந்து நடந்தது. விருந்து முடிந்தது, எதிர்பார்த்த பங்குப் பணம் வரவில்லை. படம் கொண்டுவந்த செல்வம் பர்பாங்க் என்ற இடத்தில் 51 ஏக்கர் நிலமாகவும், அதன்மேல் புதிய ஸ்டூடியோவாகவும் மாறியது.

புதிய ஸ்டூடியோ குளிர்சாதனம் வைத்த அற்புதமான இடம். ஆனால் கல்யாண வீடு அங்கே ஹோட்டலாகிவிட்டது. ஆட்கள் ஆயிரத்துக்கு மேல். மாடியில் வெயில் காயும் தளமும் உடற்பயிற்சிக் கூடமும் கொண்ட ஒரு கிளப் இருந்தது. அதில் கால் வைக்க அதிகச் சம்பளக்கார ஆண்களுக்கு மட்டுமே அனுமதி. மேல்தட்டு ஓவியருக்கு வாரம் 200 டாலருக்கு மேல். மை தீட்டும் பெண்கள் பலருக்கு 20 டாலர்கூட இல்லை. சில்லறைப் படங்களில் திரையில் தோன்றியது ஒரே ஒருவர் பெயர். அது யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த நேரத்தில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. அங்கிருந்து வந்த வசூல் நின்றது. 1940இல் வந்த ‘பினோக்கியோ’வும் ‘பான்டேஸியா’வும் போட்ட பணத்தை அப்போது எடுக்கவில்லை. ஆட்குறைப்பு என்ற பேச்சு அடிபட ஆரம்பித்தது. 1941 பிப்ரவரியில் டிஸ்னி ஊழியர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். தாம் பட்ட கஷ்டங்களையெல்லாம் சொன்னார். முன்னேறாதவர்கள் முணுமுணுப்பதை விட்டுத் தம்மைத் திருத்திக் கொள்ள வேண்டும் என்றார். உருக்கமாகத்தான் பேசினார், ஆனால் அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு பலர் நேராகச் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

சங்கத்தின் பக்கம் நின்றவர்களில் முதன்மையானவர் ஆர்ட் பாபிட். ‘ஸ்நோ ஒயிட்’டில் அந்தப் பொல்லாத ராணியை உயிர்ப்பித்தவர். மேல்தட்டுச் சம்பளக்காரர், தமக்காக அவர் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தமக்குக் கீழே இருந்தவர்களுக்காகக் கேட்டார். மே மாதக் கடைசியில் அவரையும் சங்கத்தைச் சேர்ந்த வேறு சிலரையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். மே 29ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. நூற்றுக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள். ஏறக்குறைய அதே அளவில் பலர் உள்ளேயே இருந்தார்கள். நேற்றுவரை ஒரே மேஜையில் சேர்ந்து சாப்பிட்ட நண்பர்கள் வாசலில் ஒருவரையொருவர் ஏசிக் கொண்டார்கள்.

ஓவியர்கள் செய்த வேலைநிறுத்தம் அல்லவா? அட்டைகளில் மிக்கி எலியே வந்து, ‘நாம் மனிதர்களா, எலிகளா?’ என்று கேட்டது. மைக்கேலாஞ்சலோவும் லியனார்டோவும் சங்கத்துக்காரர்களே என்றது இன்னோர் அட்டை. கோடை முழுவதும் தகராறு நீடித்தது. ஆகஸ்டில் டிஸ்னி, அரசாங்கத்தின் ஏற்பாட்டில் தென் அமெரிக்காவுக்குப் பயணம் போய்விட்டார். மத்திய சர்க்காரின் மத்தியஸ்தர்கள் சங்கத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது, சம்பளம் உயர்ந்தது. ஆனால் பழைய கல்யாண வீடு திரும்பவில்லை. வேலைநிறுத்தம் செய்தவர்களில் பலர் வெளியேறினார்கள். சிலர் சேர்ந்து யூ.பி.ஏ. என்ற புதிய ஸ்டூடியோவை வளர்த்தார்கள். 1947இல் வாஷிங்டன் விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொல்லப் போன டிஸ்னி, அந்த வேலைநிறுத்தத்தைக் கம்யூனிஸ்டுகளின் வேலை என்றார். ஆறு வருஷமாகியும் புண் ஆறவில்லை.

டிஸ்னியைக் கொடியவர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அவர் கொடியவர் அல்லர். மனம் வந்தபோது அள்ளிக் கொடுத்தவர். அங்கேதான் முடிச்சு இருக்கிறது. கொடுப்பது அவருடைய மனத்தைப் பொறுத்ததாக இருந்தது. ஊழியர்களோ, தாங்கள் கொடுத்த இரவுகளைக் கடனாக நினைத்திருந்தார்கள். அவர் அவற்றை அன்பளிப்பாக எண்ணியிருந்தார். பத்திரம் எழுதாத கடன் அது. எழுதாத கடனைத் திருப்பிக் கேட்கும்போது கேட்பவன் நன்றி கெட்டவனாகத் தெரிகிறான். தராதவன் வஞ்சகனாகத் தெரிகிறான். இரண்டு பேருமே உண்மையாக மனம் நொந்தார்கள்.

அப்படியானால் சட்டம் என்ன சொல்கிறது? அங்கேதான் இந்தக் கதையின் வேடிக்கையான பகுதி வருகிறது. 1938இல் அமெரிக்கா ஒரு தொழிலாளர் சட்டம் இயற்றியது. வாரத்துக்கு 44 மணி என்று தொடங்கி, 1940க்குள் 40 மணி என்று வரையறுத்தது. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரைப் பங்கு கூலி. நல்ல சட்டம். ஆனால் அதிகாரிகளுக்கும் வக்கீல் போன்ற தொழில்முறையாளர்களுக்கும் விலக்கு உண்டு. கற்பனையும் திறமையும் கொண்டு படைக்கிற கலைஞர்களுக்கும் அந்த விலக்கு பொருந்தும். அதாவது, தகுந்த சம்பளம் வாங்கும் கலைஞனுக்கு ஓவர்டைம் கிடையாது!

யார் கலைஞர்? அந்தச் சட்டத்தின் விதிகள் ஒரு பட்டியலே கொடுக்கின்றன. நடிகர், இசைவாணர், ஓவியர் எல்லோரும் கலைஞர்கள். தாமே விஷயத்தைத் தேர்ந்தெடுத்து எழுதும் நாவலாசிரியரும், கட்டுரையாளரும், சிறுகதைக்காரரும் கலைஞர்கள். (என் மாதிரி ஆட்களுக்கு வாசல் அடைத்தாகிவிட்டது!) அடுத்த வரியில், யார் கலைஞர் அல்லர் என்றும் சொல்லியிருக்கிறது. படியெடுப்பவர் அல்லர், போட்டோவைத் திருத்துபவர் அல்லர், சினிமாக் கார்ட்டூனுக்கு உயிர்கொடுத்து அசைய வைப்பவரும் பொதுவாக அல்லர். அவர்களுடைய வேலை படைப்பு ஆகாதாம்!

பாபிட்டின் ராணி படைப்பு இல்லையா? சட்டம் போட்ட கணக்கைப் பாருங்கள். கலைஞன் என்ற மரியாதை வேண்டுமானால் கூலி கேட்காதே. கூலி வேண்டுமானால் கலைஞன் என்று சொல்லிக் கொள்ளாதே. பட்டத்தையும் பணத்தையும் தராசின் இரண்டு தட்டிலும் வைத்து, ஒன்றை மட்டும் எடுத்துக் கொள் என்கிறது.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2004 நவம்பரில், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கலிபோர்னியா கம்பெனியின் ஊழியர் ஒருவருடைய மனைவி, பெயர் சொல்லாமல் ஒரு கடிதத்தை வெளியிட்டார். கம்ப்யூட்டர் விளையாட்டுகளைத் தயாரிக்கும் கம்பெனி அது. காலை ஒன்பதிலிருந்து இரவு பத்துவரை, வாரம் ஏழு நாளும் வேலை. வாரத்துக்குச் சராசரி 85 மணி என்று எழுதியிருந்தார் அந்த அம்மாள். அங்கே படம் வரைபவர்கள் தொடுத்த வழக்கு 2005இல் 156 லட்சம் டாலருக்குச் சமரசமாகியது. கீழ்நிலை ஓவியர்களை ஓவர்டைம் பெறும் ஊழியர்களாகக் கம்பெனி மாற்றியது. அதற்கு ஈடாக, அவர்களுக்குக் கிடைத்து வந்த பங்குச் சலுகைகள் போயின. அறுபது வருஷம் கழித்தும் அதே தராசு!

கலைக்குக் கடிகாரம் இல்லை என்பார்கள். எழுதுகிறவனுக்குத் தெரியும், அது ஓரளவு உண்மைதான். நல்ல வரி ஒன்று இரவு இரண்டு மணிக்கு வந்தால், நாளை ஆபீஸ் நேரத்தில் வா என்று அதைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் அந்த இரவு இரண்டு மணி எனக்குச் சொந்தம், நானாகக் கொடுப்பது. இன்னொருவர் தம் படத்துக்காக, தம் கம்பெனிக்காக அந்த மணியைக் கேட்டு வாங்கினால், அப்போது கடிகாரமும் வேண்டும். கணக்குப் புஸ்தகமும் வேண்டும். அன்பு இருக்கும் இடத்தில் கணக்கு எழுதக் கூடாது என்பவர் பெரும்பாலும் வாங்குகிறவராகவே இருக்கிறார்.

ஆர்ட் பாபிட் சட்டப் போராட்டம் நடத்தி, யுத்த சேவை முடிந்து டிஸ்னி ஸ்டூடியோவுக்குத் திரும்பினார். உள்ளே பேச ஆளில்லை; 1947இல் தாமே விலகிவிட்டார். 1992இல் காலமானார். 2007இல் அதே டிஸ்னி கம்பெனி அவருடைய பெயரைத் தன் மகான்களின் வரிசையில் சேர்த்துக் கௌரவித்தது. கலைஞன் என்ற பட்டம் கடைசியில் வந்து சேர்ந்துவிட்டது. அதை வாங்கிக் கொள்ளத்தான் அவர் இல்லை.