பொங்கலுக்குத் தோற்ற படம்: ‘அன்பே சிவ’மும் கோவை ஏரியாவும்

ஓடாத படம் பின்னாளில் கொண்டாடப்பட்டால், ‘காலத்தை முந்திய படம், அன்றைக்கு ஜனங்களுக்குப் புரியவில்லை’ என்று முடித்துவிடுகிறோம். 2003 பொங்கலுக்கு வந்து தோற்ற, சுந்தர் சி. இயக்கிய ‘அன்பே சிவம்’ பற்றியும் இதுதான் தீர்ப்பு. கோவையிலிருந்து பார்த்தால் இந்தத் தீர்ப்பு நிற்காது. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இலேயே வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டிய ஊர் இது. சென்ட்ரல், பட்சிராஜா ஸ்டுடியோக்கள் படமெடுத்த ஊர். சின்னியம்பாளையம் மில் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலேறியதும் இங்கேதான். படத்தின் நாயகனான செங்கொடித் தோழர் நல்லசிவத்தை இந்த ஊருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கதைப்பொருள்மீதும் பழி போட முடியாது. அதே பொங்கலுக்கு வந்து வசூலை அள்ளிய தரணியின் ‘தூள்’, ஆலைக் கழிவால் தண்ணீர் கெட்ட ஊரின் கதை. நொய்யல் கரைக்காரர்களுக்கு அது செய்தியே அல்ல. ஆனால் ‘தூள்’ ஆறுமுகம் கணக்கைக் கையாலேயே தீர்க்கிறான். நல்லசிவமோ முதலாளி கந்தசாமி படையாச்சியிடம் தொழிலாளர் ஊதிய உயர்வுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, காதலித்தவளை அன்பரசுக்கே விட்டுவிட்டு நடையைக் கட்டுகிறான். அதற்கு முன்பு வெகுநேரம், புவனேஸ்வர் மழையில் மாட்டிக்கொண்ட இந்த இருவரின் வாய்ச்சண்டை.

இங்கே விநியோக முறையைக் கவனிக்க வேண்டும். அன்றைய கோவை, ஈரோடு, நீலகிரி மாவட்டங்கள் சேர்ந்த ‘கோவை ஏரியா’வை எம்.ஜி. (குறைந்தபட்ச உத்தரவாதம்) அடிப்படையில் எடுப்பவர், படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் திரும்பாத தொகையை முன்கூட்டியே கட்டுகிறார். மில்லும் பனியன் கம்பெனியும் மூடிக்கிடக்கும் பொங்கல் நாட்களிலேயே அதில் பெரும்பகுதியை எடுத்தாக வேண்டும். குடும்பத்தோடு வரும் கூட்டம் ‘ஒரே பேச்சு’ என்று கேள்விப்பட்டால் அடுத்த காட்சிக்கு, அதே பொங்கலுக்கு வந்த ‘சொக்கத்தங்க’த்துக்குத் திரும்பிவிடும்.

தியேட்டரில் படத்தைக் கவிழ்த்த அந்த வாய்ச்சண்டையே தொலைக்காட்சியில் அதைத் தூக்கி நிறுத்தியது. ஒவ்வொரு சண்டையும் தனித் துணுக்காகவே நிற்பதால், பாதியில் வந்து உட்கார்ந்தாலும் ரசிக்க முடிகிறது; டிக்கெட் வாங்கிய எரிச்சலும் இல்லை. ரசிகர் முதிர்ந்தார் என்பதைவிட, அவர் உட்கார்ந்த இடம் மாறியது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. தொலைக்காட்சி உரிமையில் எம்.ஜி. கட்டியவருக்குப் பங்கில்லை. அவர் பேரேட்டில் இது இன்றும் நஷ்டக் கணக்குதான்.

செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ இதற்கு மறுப்பாகாதா? 2010 பொங்கலுக்கு வந்து தடுமாறிய படம், 2021 டிசம்பர் 31 மறுவெளியீட்டில் தியேட்டருக்கே கூட்டத்தை இழுத்ததே! ஆனால் மறுபடி வந்தவர்களில் பெரும்பாலோர் அதைச் சின்னத்திரையில் பலமுறை பார்த்தவர்கள். இரண்டாம் பாதியின் சோழர் பேச்சுகூட அவர்களுக்கு மனப்பாடம். பண்டிகைக்கு ஏதாவது பார்க்கலாம் என்று கிளம்பி வந்த கூட்டமல்ல அது.