ஒரு மேற்கோள் குறியும் 4 இலட்சம் பவுணும்

2015 ஒக்டோபரில் பிரித்தானியாவின் டோக்டோக் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் தரவுத் திருட்டு நடந்தபோது, 40 இலட்சம் வாடிக்கையாளர்களும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று நிறுவனமே அறிவித்தது. கேட்டவர்கள் ஏதோ பெரிய கும்பலின் வேலை என்றே நினைத்தார்கள். ஆனால் பொலிஸார் கைது செய்தவர்களுள் பாடசாலை வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளை விடுங்கள், முதலில் திறந்து கிடந்த கதவைப் பார்ப்போம். அதன் பெயர் எஸ்.கியூ.எல். இன்ஜெக்ஷன். ஒரு லிகிதரிடம், "இந்தத் துண்டில் எழுதியிருக்கும் பெயருக்குரிய கோவையை எடுத்து வா" என்கிறோம். துண்டில் ஒருவர், "நஸீர். அத்தோடு மற்றக் கோவைகளையும் எடுத்து வா" என்று எழுதிவிடுகிறார். எது பெயர், எது கட்டளை என்று பிரித்தறியாத லிகிதர் எல்லாவற்றையும் அள்ளி வருகிறார். தரவுத்தளத்தில் அந்த எல்லையை உடைக்கப் பெரும்பாலும் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போதும். உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கும் நம் பிள்ளைகள் எழுதும் அதே எஸ்.கியூ.எல். கட்டளைகள்தான்.

இதை 1998 டிசம்பரில் ஜெஃப் ஃபொரிஸ்டல் என்பவர் 'ஃப்ராக்' மின்சஞ்சிகையில் விளக்கிவிட்டார். பெயரையும் கட்டளையையும் தனித்தனியே அனுப்பும் தடுப்பு முறையும் நெடுங்காலமாகவே உண்டு.

பிறகு எப்படி நடந்தது? 2009இல் டோக்டோக், டிஸ்காலி நிறுவனத்தின் பிரித்தானியப் பிரிவை வாங்கியது. அதனுடன் வந்த சில பழைய இணையப் பக்கங்கள் இன்னும் திறந்திருப்பதே புதிய உரிமையாளருக்குத் தெரியவில்லை. தரவுத்தள மென்பொருளும் பழையது, அதன் குறையைச் சரிசெய்யும் திருத்தம் வெளியாகி மூன்றரை வருடம் கடந்திருந்தது. அதே வருடம் ஜூலையிலும் செப்டெம்பரிலும் இதே வகைத் தாக்குதல் நடந்தும் எவரும் கவனிக்கவில்லை. வீடு வாங்கியவர் பின்கதவை எண்ணிப் பார்க்காத கதை இது.

கடைசியில் 156,959 பேரின் விபரங்கள் போயின. அவர்களில் 15,656 பேரின் வங்கிக் கணக்கு இலக்கங்களும் சேர்த்து. 2016இல் தகவல் ஆணையாளர் அலுவலகம் விதித்த தண்டம் 4 இலட்சம் பவுண். பையன்களைவிட நிறுவனத்தின் குற்றமே பெரிது என்பது நம் எண்ணம். ஊடகங்கள் என்னவோ பையன்களைத்தான் துரத்தின.

அந்தப் பையன்களில் நோர்விச்சைச் சேர்ந்த ஒருவனுக்கு அப்போது வயது 16, ஃபொரிஸ்டலின் கட்டுரைக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். அவன் ஓட்டையைக் கண்டு இணையத்தில் பகிர்ந்த பின் அத்தளம் 14,000 தடவைக்கு மேல் தாக்கப்பட்டதாக நீதிமன்றில் சொல்லப்பட்டது. அவனுக்குக் கிடைத்தது 12 மாத மறுவாழ்வு உத்தரவு. ஓட்டையைத் தேட அவன் பயன்படுத்தியது சட்டபூர்வமான ஒரு மென்பொருள்.